மருந்துக்கு மசியாத ஈஸ்ட்: ஆய்வக அறிக்கையின் எண்கள் என்ன சொல்கின்றன?

இரத்தத்தில் ஈஸ்ட் வளர்ந்திருக்கிறது என்று தெரிந்த ஒருவரின் ஆய்வக அறிக்கையில் மூன்று வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃப்ளூகோனசோல் 2. காஸ்போஃபங்கின் 0.5. ஆம்ஃபோடெரிசின் பி 1. இவற்றில் எது நல்ல மருந்து?

பார்த்த மாத்திரத்தில் பலரும் காஸ்போஃபங்கினைத்தான் காட்டுவார்கள். அதன் எண்தானே சிறியது. ஆனால் அந்த ஈஸ்ட் கேண்டிடா கிளாப்ரேட்டா என்ற இனமாக இருந்தால், மூன்றில் முதலில் கைவிட வேண்டிய மருந்தே அதுதான். அதே ஈஸ்ட் கேண்டிடா பாராசிலோசிஸாக இருந்தால், அதே 0.5 எந்தத் தடையும் இல்லாத நல்ல முடிவு. எண் மாறவில்லை, மருந்து மாறவில்லை. பூஞ்சையின் பெயர் மட்டும் மாறியது. அந்த எண் ஆய்வகத்தில் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் இந்த முரண் தானாக விளங்கிவிடும்.

மூன்று எதிர்ப்புகள்

தமிழில் இந்தப் பேச்சு குழம்புவதற்கு ஒரே ஒரு சொல்லே பாதிக் காரணம். 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்றால் நம் உடல் கிருமியை எதிர்ப்பது. 'பூஞ்சை எதிர்ப்பு மருந்து' என்றால் மருந்து பூஞ்சையை எதிர்ப்பது. 'மருந்து எதிர்ப்பு' என்றால் பூஞ்சை மருந்தை எதிர்ப்பது. மூன்றிலும் எதிர்ப்பவர் வேறு, எதிர்க்கப்படுபவர் வேறு.

"இந்த நோயாளிக்கு மருந்து எதிர்ப்பு வந்துவிட்டது" என்று அடிக்கடி காதில் விழுகிறது. நோயாளிக்கு அப்படி எதுவும் வருவதில்லை. மருந்துக்குப் பழகிப்போவது அவர் உடல் இல்லை. அவர் உடலில் இருக்கும் பூஞ்சை. இந்த வேறுபாட்டுக்கு நடைமுறையில் பெரிய விலை உண்டு. எதிர்ப்பு பூஞ்சையினுடையது என்பதால்தான், அந்த மருந்தை வாழ்நாளில் தொட்டிராத ஒருவருக்கும் கைகள் வழியாகவோ கருவிகள் வழியாகவோ மருந்துக்கு மசியாத ஈஸ்ட் வந்து சேர முடிகிறது.

இனி இந்தக் கட்டுரையில் 'எதிர்ப்பு' என்று வருமிடமெல்லாம் மூன்றாவது பொருள்தான். பூஞ்சையைக் கொல்லவோ அடக்கவோ தரும் மருந்தை வெறுமனே 'பூஞ்சை மருந்து' என்றே சொல்வோம்.

இரத்தத்துக்குள் ஈஸ்ட்

ஈஸ்ட் என்பது ஒற்றைச் செல் பூஞ்சை. மொட்டு விட்டுப் பெருகும். இரத்தத்தில் காணப்படும் ஈஸ்ட்களில் மிகப் பெரும்பாலானவை கேண்டிடா குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் குடலிலும் வாயிலும் தோலிலும் பல கேண்டிடா இனங்கள் தொல்லை தராமல் வாழ்கின்றன. பெரிய இரத்தக்குழாயில் வைத்த வடிகுழாய், வயிற்று அறுவை சிகிச்சை, நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக், வெள்ளணுக்கள் மிகவும் குறைந்த நிலை, தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் இருப்பு என ஏதாவது ஒன்று வழி திறந்துவிட்டால் அவை இரத்தத்துக்குள் நுழைகின்றன. அங்கிருந்து கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் இதய வால்வுக்கும் போகின்றன.

தோலில் வாழும் சில பாக்டீரியாக்கள் இரத்தக் கல்ச்சரில் (இரத்தத்தைப் பாட்டிலில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில்) வந்தால், ஊசி குத்தும்போது ஒட்டிக்கொண்ட அசுத்தம் என்று ஒதுக்குவதுண்டு. கேண்டிடாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே ஒரு பாட்டிலில் வளர்ந்தாலும் அது உண்மையான தொற்று என்றே நடத்த வேண்டும். இன்னொன்று: ஆழமான கேண்டிடா தொற்றுகளில் ஏறத்தாழ பாதியை இரத்தக் கல்ச்சர் தவறவிட்டுவிடுகிறது. சிக்கிய ஒன்றையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டாமா?

முக்கிய இனங்கள் ஆறு: அல்பிகன்ஸ், கிளாப்ரேட்டா, பாராசிலோசிஸ், டிராபிகாலிஸ், குரூசி, ஆரிஸ். வகைப்பாட்டியலார் சிலவற்றின் பெயரை மாற்றியிருக்கிறார்கள். கிளாப்ரேட்டா இப்போது நகசியோமைசஸ் கிளாப்ரேட்டஸ். குரூசி இப்போது பிச்சியா குட்ரியாவ்செவி. ஆரிஸ் இப்போது கேண்டிடோசைமா ஆரிஸ். புதுப் பெயரைப் பார்த்துப் புதுக் கிருமி என்று பயப்பட வேண்டாம். ஆனால் பழைய பெயரையும் சேர்த்து எழுதாத அறிக்கை வார்டில் குழப்பத்தை உண்டாக்கும்.

மருந்து எங்கே அடிக்கிறது

மூன்று வகை மருந்துகளை அறிந்தால் போதும்.

பூஞ்சை செல்லைச் சுற்றி ஒரு சவ்வு. அதற்கு வெளியே ஒரு சுவர். சவ்வு உறுதியாக இருக்க எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் வேண்டும். நம் செல்களில் அந்த வேலையைச் செய்வது கொலஸ்டெரால் என்பதால், எர்கோஸ்டெராலைக் குறிவைக்கும் மருந்து பூஞ்சையைத் தாக்கி நம்மைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

அசோல்கள் முதல் வகை. ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் இதில் சேரும். எர்கோஸ்டெராலைத் தயாரிக்கும் நொதி ஒன்றை இவை முடக்குகின்றன. பூஞ்சை உடனே சாவதில்லை, வளர்ச்சி நின்றுபோகிறது. புல்லை வேரோடு பிடுங்குவதற்கும் மேலாக வெட்டிவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. அசோல் செய்வது வெட்டுதல். வெட்டிய புல் லேசாகத் தலைகாட்டும் என்பதை நினைவில் வையுங்கள், முடிவைப் படிக்கும் இடத்தில் இது திரும்ப வரும்.

எக்கினோகேண்டின்கள் இரண்டாம் வகை: காஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின், அனிடுலாஃபங்கின். செல்சுவரின் சாந்து போன்ற பீட்டா குளுக்கான் என்ற பொருள் உருவாவதை இவை நிறுத்துகின்றன. சாந்தில்லாச் சுவர் தாங்காது; கேண்டிடா வெடித்துச் சாகும்.

மூன்றாவது ஆம்ஃபோடெரிசின் பி. இது எர்கோஸ்டெராலையே பிடித்துக்கொண்டு சவ்வைச் சிதைக்கிறது.

இனி பூஞ்சையின் பக்கம். அசோலிடமிருந்து தப்ப அதற்கு இரண்டு பெரிய வழிகள். ஒன்று, மருந்து ஒட்டும் நொதியின் வடிவத்தை மாற்றுவது. அந்த நொதிக்கான மரபணு இஆர்ஜி11. மருத்துவமனைகளில் ஆளுக்கு ஆள் பரவும் பாராசிலோசிஸ் பலவற்றில் இந்த மாற்றத்தைக் காணலாம். மற்றொன்று, படகுக்குள் ஏறும் நீரை இறைத்துக் கொட்டுவதுபோல, உள்ளே வரும் மருந்தை வெளியே தள்ளும் புரதங்களைக் கூடுதலாக உற்பத்தி செய்வது. கிளாப்ரேட்டா இதில் கைதேர்ந்தது. ஒரே இறைப்பான் எல்லா அசோல்களையும் வெளியே தள்ள முடியும் என்பதால், ஃப்ளூகோனசோலுக்கு மசியாத கிளாப்ரேட்டா பெரும்பாலும் வோரிகோனசோலுக்கும் மசிவதில்லை.

எக்கினோகேண்டின்களுக்கு இந்த இறைப்பு பெரிதாகப் பலிக்காது. அங்கே குளுக்கான் நொதிக்கான எஃப்கேஎஸ் மரபணுக்களின் குறிப்பிட்ட சிறு பகுதிகளில் மாற்றம் நேர வேண்டும். ஆம்ஃபோடெரிசினுக்கு எதிர்ப்பு அரிது. அதிலிருந்து தப்ப எர்கோஸ்டெராலையே துறக்க வேண்டியிருக்கும். அது பூஞ்சைக்கும் பெரிய இழப்பு. ஆரிஸ் இதற்கு விதிவிலக்காக வந்து நிற்கிறது.

சில எதிர்ப்புகள் பிறவியிலேயே உள்ளவை. குரூசி ஃப்ளூகோனசோலுக்கு என்றுமே மசியாது. சோதனை எந்த எண்ணைக் காட்டினாலும் அறிக்கையில் எதிர்ப்பு என்றுதான் எழுத வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: எதிர்ப்பு பூஞ்சையின் குணம்; அது இனத்துக்கு இனம் மாறும்; ஒரு மருந்திடமிருந்து தப்பும் வழி வேறொரு மருந்திடம் பலிக்காமல் போகலாம். ஆகவே முதலில் இனத்தின் பெயர், பிறகுதான் மருந்துச் சோதனை.

வெள்ளத்தின் உயரம்

சோதனையின் கருத்து எளிது. ஒரு பள்ளத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். நீர்மட்டத்தைப் படிப்படியாக ஏற்றுகிறோம். எந்த மட்டத்தில் ஒருவர் மூழ்குகிறாரோ அது அவருடைய உயரம். நீர் மருந்து, ஆள் பூஞ்சை. பூஞ்சையின் வளர்ச்சி அடங்கும் மிகக் குறைந்த மருந்துச் செறிவுக்குக் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு என்று பெயர். ஆய்வகத்தில் எல்லோரும் எம்ஐசி என்பார்கள், அப்படியே வைத்துக்கொள்வோம். அலகு, ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம். அறிக்கையில் இருக்கும் எண் இதுதான்.

எம்ஐசி சொல்வது பூஞ்சையின் உயரத்தை மட்டுமே. நோயாளியின் இரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு மட்டத்துக்கு ஏறும் என்பது தனிக் கணக்கு. வழக்கமான அளவில் கொடுத்தால் ஃப்ளூகோனசோல் மில்லிலிட்டருக்குப் பல மைக்ரோகிராம் வரை தாராளமாக ஏறும். மரபான ஆம்ஃபோடெரிசின் பி ஒன்று, இரண்டு என்ற அளவைச் சுற்றியே நிற்கும். ஆகவே ஃப்ளூகோனசோலின் 2-ஐயும் ஆம்ஃபோடெரிசினின் 1-ஐயும் பக்கத்தில் வைத்து எது சிறியது என்று பார்ப்பது, வெவ்வேறு குளங்களில் நிற்கும் இருவரின் உயரத்தை மட்டும் ஒப்பிட்டு யார் மூழ்குவார் என்று சொல்வது போன்றது.

ஒரே மருந்துக்குள்ளும் எண் குறையக் குறைய நல்லது என்பதில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அல்பிகன்ஸுக்கு ஃப்ளூகோனசோல் எம்ஐசி 0.25 ஆக இருந்தாலும் 0.5 ஆக இருந்தாலும் சிகிச்சையில் வேறுபாடு இல்லை. போதாக்குறைக்கு, ஒரே ஈஸ்ட்டை மறுநாள் திரும்பச் சோதித்தால் ஒரு படி மேலோ கீழோ, அதாவது இரு மடங்காகவோ பாதியாகவோ, போவது இயல்பு. சோதனையின் இயற்கையான ஊசலாட்டம் அது.

தட்டும் குழிகளும்

அடிப்படை முறைக்குப் பிராத் மைக்ரோடைலூஷன் என்று பெயர். மற்ற எல்லா முறைகளும் இதன் அளவுகோலால்தான் சரிபார்க்கப்படுகின்றன. ஆய்வகச் சோதனைகளுக்கு விதிமுறை வகுக்கும் அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ நிறுவனம் காட்டிய வழியில் அது இப்படிப் போகும்.

கல்ச்சர் பாட்டிலில் வளர்ச்சி தெரிந்ததும், அதிலிருந்து எடுத்து, கிருமி வளர்க்கும் கூழான அகாரில் பரப்புகிறார்கள்: ஒன்று சபூரோ அகார், மற்றொன்று நிறம் காட்டும் குரோமோஜெனிக் அகார். நிற அகாரில் அல்பிகன்ஸ் பச்சை, டிராபிகாலிஸ் நீலம், குரூசி சொரசொரப்பான இளஞ்சிவப்பு. இரண்டு இனங்கள் கலந்திருந்தால் இங்கேதான் பிடிபடும். இந்தப் படியைத் தவிர்த்தால் மேலே செய்யும் அத்தனையும் வீண். கலவையைச் சோதித்தால் வரும் எம்ஐசி யாருடையது என்றே தெரியாது. இனத்தை உறுதிசெய்ய இப்போது மால்டி-டாஃப் என்ற புரத எடைக் கருவி பல இடங்களில் உள்ளது.

24 மணி நேரம் வளர்ந்த தூய கல்ச்சரிலிருந்து, அகாரில் புள்ளிகளாகத் தெரியும் செல் கூட்டங்களில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத ஐந்தைத் தொட்டு, 5 மில்லிலிட்டர் உப்பு நீரில் கரைத்து, 15 விநாடி சுழற்றுகிறார்கள். ஐந்து எடுப்பதற்குக் காரணம், ஒன்றை மட்டும் எடுத்தால் அதுவே விதிவிலக்கான செல்லின் வாரிசாக இருந்துவிடலாம். அந்தக் கலங்கலை 530 நானோமீட்டர் ஒளியில் அளந்து 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற மட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அப்போது ஒரு மில்லிலிட்டரில் 10 லட்சம் முதல் 50 லட்சம் செல்கள் இருக்கும். பிறகு முதலில் 50 மடங்கு, அடுத்து 20 மடங்கு, ஆக மொத்தம் 1000 மடங்கு நீர்த்தால் 1000 முதல் 5000.

நீர்ப்பது சாதா நீரில் இல்லை. ஆர்பிஎம்ஐ 1640 என்ற ஊட்டக்கரைசலில். அதில் மாப்ஸ் என்ற நிலைநிறுத்தி சேர்த்து பிஹெச் 7.0-இல் வைத்திருப்பார்கள். பிஹெச் கொஞ்சம் விலகினாலும் எம்ஐசி இடம்பெயரும்.

தட்டில் 96 குழிகள்: எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. ஒரு வரிசைக்கு ஒரு மருந்து. ஃப்ளூகோனசோல் என்றால் முதல் குழியில் 64, அடுத்ததில் 32, பிறகு 16, 8, 4, 2, 1, 0.5, 0.25, 0.12 எனப் பாதி பாதியாக இறங்கும். பத்துக் குழிகள் ஆயின. பதினொன்றாவதில் மருந்தில்லாமல் ஈஸ்ட் மட்டும். அங்கே நன்றாக வளர வேண்டும். பன்னிரண்டாவதில் ஈஸ்ட்டும் இல்லை. அங்கே ஒன்றும் வளரக் கூடாது. மருந்தை இரு மடங்குச் செறிவில் 100 மைக்ரோலிட்டர் வைத்து, மேலே ஈஸ்ட் கலங்கலை 100 மைக்ரோலிட்டர் விடுகிறார்கள். இரண்டும் பாதியாகி, மருந்து குறித்த அளவுக்கும் ஈஸ்ட் மில்லிலிட்டருக்கு 500 முதல் 2500 வரைக்கும் வந்து நிற்கும். 35 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் அசையாமல் வைக்கிறார்கள்.

இந்த வேலையில் கை வழுக்கும் இடம் பெரும்பாலும் செல் எண்ணிக்கை. பத்து மடங்கு கூடுதலாக விட்டுவிட்டால், சாதாரண ஈஸ்ட்டும் எதிர்ப்புள்ளதுபோல் தோன்றும். குறைத்துவிட்டால் எதிர்ப்புள்ள ஈஸ்ட் நல்ல பிள்ளையாகத் தோன்றும். இரண்டாவது பிழைதான் உயிருக்கு ஆபத்து. அதனால் மருந்தில்லாக் குழியிலிருந்து தொடக்கத்திலேயே கொஞ்சம் எடுத்து அகாரில் பரப்பி எண்ணிப் பார்ப்பது நல்ல ஆய்வகத்தின் வழக்கம். கலப்பு இருந்தாலும் அதே அகார் காட்டிக்கொடுக்கும்.

நோயாளியின் ஈஸ்ட்டோடு, குணம் தெரிந்த இரண்டு ஈஸ்ட்களையும் சோதிப்பார்கள். பாராசிலோசிஸ் ஏடிசிசி 22019, குரூசி ஏடிசிசி 6258 (ஏடிசிசி எண் என்பது கிருமி சேமிப்பகம் ஒன்றின் பட்டியல் எண்). முதலாவதற்கு 24 மணி நேரத்தில் ஃப்ளூகோனசோல் எம்ஐசி 0.5 முதல் 4 வரை வர வேண்டும். இரண்டாவதற்கு 8 முதல் 64 வரை. இந்த வரம்புக்கு வெளியே போனால் அன்றைய மருந்தோ கரைசலோ விதைப்போ (குழியில் விட்ட ஈஸ்ட்டின் அளவோ) தவறு. நோயாளியின் முடிவு எவ்வளவு அவசரமானாலும் வெளியே அனுப்பக் கூடாது.

பாதியா, முழுசா?

24 மணி நேரம் கழித்துத் தட்டைக் கண்ணாடிமேல் வைத்து, மருந்தில்லாக் குழியின் கலங்கலோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுகிறார்கள். ஆம்ஃபோடெரிசினுக்குக் குழி முழுத் தெளிவாக இருக்க வேண்டும். அசோலுக்கும் எக்கினோகேண்டினுக்கும் வளர்ச்சி ஏறத்தாழ பாதியாகக் குறைந்த முதல் குழியே எம்ஐசி.

ஏன் பாதி? வெட்டிய புல் நினைவிருக்கிறதா? அசோலில் சில அல்பிகன்ஸும் டிராபிகாலிஸும் ஒரு மட்டத்தில் பாதியாகக் குறைந்த பிறகு, மருந்தை எவ்வளவு ஏற்றினாலும் மெல்லிய கலங்கலைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஆய்வகத்தார் இதை டிரெய்லிங் என்பார்கள். அந்த மெல்லிய படலத்தை வளர்ச்சி என்று எண்ணி முழுத் தெளிவைத் தேடினால், 0.25-இல் அடங்கிய ஈஸ்ட்டுக்கு 64-க்கு மேல் என்று எழுதிவிடுவோம். 48 மணி நேரம் கழித்துப் படித்தாலும் இதே தவறு நடக்கும். காலத்தைக் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது இதற்காகத்தான்.

எக்கினோகேண்டினில் நேர்மாறான வேடிக்கை ஒன்று உண்டு. சில ஈஸ்ட்கள் குறைந்த செறிவில் அடங்கி, மிக உயர்ந்த செறிவில் திரும்ப வளரும். இதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்வதில்லை. முதலில் அடங்கிய குழியைத்தான் எண்ண வேண்டும்.

இரண்டு அளவுகோல்கள்

ஐரோப்பாவில் யூகாஸ்ட் என்ற குழு தனி முறை வைத்திருக்கிறது. கரைசல் அதே ஆர்பிஎம்ஐதான், ஆனால் குளுக்கோஸ் 0.2 சதவீதத்துக்குப் பதில் 2 சதவீதம். விதைப்பு நூறு மடங்கு அதிகம். குழியின் அடி உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்கும்; கண்ணால் படிக்காமல் ஒளியளவியால் படிப்பார்கள். ஆம்ஃபோடெரிசினுக்கு 90 சதவீதக் குறைவு போதும்.

இரண்டும் நம்பகமான முறைகள். ஆனால் ஒன்றில் எடுத்த எண்ணை மற்றொன்றின் எல்லையோடு ஒப்பிடக் கூடாது. 'வெப்பம் 40' என்று சொல்லி செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று சொல்லாமல் விட்டால் காய்ச்சலா குளிரா என்று எப்படித் தெரியும்? அறிக்கையில் முறையின் பெயர் இல்லையென்றால் ஆய்வகத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

எண்ணிலிருந்து எழுத்துக்கு

எம்ஐசியை வைத்து 'மருந்து பலிக்கும்', 'பலிக்காது' என்று பிரிக்கும் கோட்டுக்குப் பிரேக்பாயிண்ட் என்று பெயர். நாம் எல்லை எண் என்போம். பூஞ்சையின் உயரம், இரத்தத்தில் மருந்து ஏறும் மட்டம், முன்பு அதே எம்ஐசி உள்ள நோயாளிகள் எப்படிக் குணமானார்கள் என்ற அனுபவம் ஆகிய மூன்றையும் சேர்த்து நிபுணர் குழு இதை வகுக்கிறது. இனத்துக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று.

சிஎல்எஸ்ஐ கணக்கில் அல்பிகன்ஸ், பாராசிலோசிஸ், டிராபிகாலிஸ் மூன்றுக்கும் ஃப்ளூகோனசோல் 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் எஸ்: வழக்கமான அளவிலேயே அடங்கும். 4 என்றால் எஸ்டிடி: அளவைக் கூட்டிக் கொடுத்தால் அடங்கும். 8-உம் அதற்கு மேலும் ஆர்: எதிர்ப்பு. கிளாப்ரேட்டாவுக்கு எஸ் என்ற பிரிவே கிடையாது. 32 வரை எஸ்டிடி, 64 முதல் ஆர். யூகாஸ்ட் இதையே வேறு வழியில் சொல்கிறது: கிளாப்ரேட்டாவின் எஸ் எல்லையை 0.001 என்று வைத்திருக்கிறது. எந்தக் கிளாப்ரேட்டாவும் அங்கே போகாது. சாதாரண அளவு போதாது என்பதை மருத்துவர் தவறவிடாமல் இருக்க வேண்டுமென்றே இட்ட எண் அது. யூகாஸ்ட் அறிக்கையில் வரும் ஐ என்ற எழுத்துக்கும் இதே பொருள்தான்: அளவைக் கூட்டினால் பலிக்கும். அதை 'நிச்சயமில்லை' என்று படித்து மருந்தை ஒதுக்குவது பரவலான தவறு.

தொடக்கத்தில் பார்த்த அறிக்கைக்கு இப்போது திரும்புவோம். காஸ்போஃபங்கினுக்குக் கிளாப்ரேட்டாவில் 0.12 வரை எஸ், 0.25 இடைநிலை, 0.5 முதல் ஆர். பாராசிலோசிஸில் 2 வரை எஸ். பாராசிலோசிஸின் குளுக்கான் நொதி பிறவியிலேயே சற்று மாறுபட்டது. அதனால் அதன் எண்கள் எப்போதும் உயரமாகவே இருக்கும், இருந்தும் மருந்து பெரும்பாலும் பலிக்கிறது. 0.5 என்ற ஒரே எண் ஒரு வீட்டில் நல்ல செய்தியாகவும் அடுத்த வீட்டில் கெட்ட செய்தியாகவும் ஆனதன் காரணம் இதுதான்.

எஸ் என்றால் குணம் உறுதி, ஆர் என்றால் சாவு உறுதி என்பதும் இல்லை. இத்துறையில் 90-60 விதி என்று ஒன்று உண்டு. மருந்துக்கு அடங்கும் கிருமி என்றால் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் தேறுகிறார்கள். எதிர்ப்புள்ள கிருமிக்கு அதே மருந்தைக் கொடுத்தாலும் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் தேறுகிறார்கள். வெள்ளணுக்களின் நிலை, வடிகுழாயை எடுத்தார்களா, சீழ்க்கட்டியை வடித்தார்களா என்பவையும் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஈஸ்ட் ஒட்டிக்கொண்ட குழாயை உள்ளேயே விட்டுவிட்டு எஸ் என்ற எழுத்தை நம்பியிருப்பதில் பயனில்லை.

சுருக்க வழிகள்

எல்லா ஆய்வகத்தாலும் தட்டைக் கையால் தயாரிக்க முடியாது. ஆயத்தத் தட்டுகள் கிடைக்கின்றன. சென்சிடைட்டர் ஈஸ்ட்ஒன் அத்தகையது. வளர்ச்சி இருந்தால் நீலச் சாயம் இளஞ்சிவப்பாகும், படிப்பது எளிது. விடெக் 2 போன்ற தானியங்கிக் கருவிகள் அட்டையைச் செருகினால் தாமே படித்துச் சொல்லும். ஈடெஸ்ட் போன்ற பட்டைகளில் மருந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குறைந்துகொண்டே போகும். அகாரில் வைத்தால் வளர்ச்சியற்ற நீள்வட்டம் பட்டையை எங்கே தொடுகிறதோ அது எம்ஐசி. இடைப்பட்ட எண் வந்தால் மேலுள்ள இரட்டிப்புப் படிக்கு ஏற்ற வேண்டும். 1.5 என்றால் 2. ஆரிஸுக்கு ஆம்ஃபோடெரிசின் சோதிக்கும்போது இது விளையாட்டுக் காரியமில்லை, ஏனென்றால் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் தற்காலிக வழிகாட்டலில் எதிர்ப்பு தொடங்குவதே 2-இல்தான்.

மிகச் சிக்கனமானது வட்டுமுறை. 2 சதவீதம் குளுக்கோஸும் மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் மெத்திலீன் நீலமும் சேர்த்த முல்லர்-ஹின்டன் அகாரில் ஈஸ்ட்டைப் பரப்பி, 25 மைக்ரோகிராம் ஃப்ளூகோனசோல் வட்டை வைத்து, மறுநாள் வெற்று வளையத்தை அளப்பார்கள். அல்பிகன்ஸுக்கு 17 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் எஸ். 13-உம் அதற்குக் கீழும் ஆர். வளையத்துக்குள் பொடிக் கூட்டங்கள் தெரிந்தால் அவை டிரெய்லிங்கா, உண்மையான எதிர்ப்புள்ள செல்களா, கலப்பா என்று எடுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

தவறு ஒளிந்திருக்கும் இடங்கள்

காஸ்போஃபங்கின் முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வெகுவாக மாறுகின்றன. அதனாலேயே யூகாஸ்ட் அதற்கு எல்லை எண் தரவில்லை. மைக்காஃபங்கினையோ அனிடுலாஃபங்கினையோ சோதித்து அதிலிருந்து ஊகிக்கச் சொல்கிறது. காஸ்போஃபங்கின் மட்டும் ஆர், மற்ற இரண்டும் எஸ் என்று வந்தால், அறிக்கை எழுதுமுன் திரும்பச் சோதிப்பதே முறை. இயன்றால் எஃப்கேஎஸ் மரபணுவைப் படித்துப் பார்க்கலாம். அதில் மாற்றம் இருந்தால் ஐயம் தீரும். அசோலுக்கு இப்படி ஒரு மரபணுவைப் படித்து முடிவு சொல்ல முடியாது. தப்பும் வழிகள் அங்கே பல.

ஆம்ஃபோடெரிசினின் சிக்கல் வேறு. ஆர்பிஎம்ஐயில் ஏறக்குறைய எல்லா ஈஸ்ட்களும் 0.25-க்கும் 1-க்கும் இடையில் நெருக்கியடித்து நிற்கும். உயரமானவரையும் குள்ளமானவரையும் பிரிக்கும் இடைவெளியே ஒரு படிதான். அந்த ஒரு படி சோதனையின் இயல்பான ஊசலாட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தானியங்கிக் கருவி ஆரிஸுக்கு ஆம்ஃபோடெரிசின் எதிர்ப்பு என்று பொய்யாகக் காட்டியதும் உண்டு. அப்படி வந்தால் இன்னொரு முறையில் உறுதிசெய்ய வேண்டும்.

ஆரிஸ் பெயரிலேயே ஏமாற்றும். 2009-இல் ஜப்பானில் ஒரு காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட இந்த இனத்தை, பழைய தரவுத்தளம் உள்ள கருவிகள் கேண்டிடா ஹீமுலோனி என்றோ வேறு ஏதாவதோ சொல்லிவிடும். பெயர் தவறினால் எல்லை எண்ணும் தவறும். தனிமைப்படுத்த வேண்டிய நோயாளி பொது வார்டிலேயே இருந்துவிடுவார். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக அவசரமான பிரிவில் ஆரிஸ் இருப்பது காரணமில்லாமல் இல்லை.

இதுவரை சொன்னதில் எண்ணைப் படிக்க வேண்டியவை நான்கு: இனம், மருந்து, முறை, எல்லை எண். நான்கில் ஒன்று விடுபட்டாலும் எம்ஐசி வெறும் எண்.

காத்திருக்கும் நாட்கள்

பாட்டிலில் வளர்ச்சி தெரிய ஒன்று முதல் மூன்று நாள். தூய கல்ச்சருக்கு ஒரு நாள், சோதனைக்கு இன்னொரு நாள். அதுவரை மருந்தில்லாமல் இருக்க முடியாது. அதனால்தான் பெரும்பாலும் எக்கினோகேண்டினில் தொடங்கி, இனமும் எம்ஐசியும் வந்த பிறகு, ஃப்ளூகோனசோலுக்கு அடங்குமானால் நோயாளி நிலைப்பட்டதும் அதற்கு மாறுகிறார்கள். சோதனை இல்லாமல் இந்த மாற்றம் இருட்டில் எடுத்து வைக்கும் அடி.

அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2016 வழிகாட்டல், இரத்தத்திலிருந்து வரும் எல்லா கேண்டிடாவுக்கும் அசோல் சோதனை செய்யச் சொல்கிறது. முன்பு எக்கினோகேண்டின் எடுத்தவர்களுக்கும், கிளாப்ரேட்டா, பாராசிலோசிஸ் வளர்ந்தவர்களுக்கும் எக்கினோகேண்டின் சோதனையும் வேண்டும்.

ஒரு முறை சோதித்ததோடு வேலை முடிவதில்லை. மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே நாள்கணக்கில் கல்ச்சரில் ஈஸ்ட் வந்துகொண்டிருந்தால், முதல் நாள் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு "எஸ் என்றுதானே இருக்கிறது" என்று சொல்லக் கூடாது. முதல் நாள் சோதித்த செல்கள் வேறு, இன்று மருந்தையும் மீறி நிற்கும் செல்கள் வேறாக இருக்கலாம். கிளாப்ரேட்டாவில் எக்கினோகேண்டின் சிகிச்சையின் நடுவிலேயே எஃப்கேஎஸ் மாற்றம் தோன்றுவது அறிந்த உண்மை. புதிதாக வளர்ந்த ஈஸ்ட்டைத் திரும்பச் சோதிக்கும்படி ஆய்வகத்திடம் கேட்க வேண்டும். முதல் நாள் ஈஸ்ட்டை ஆய்வகம் உறைநிலையில் பத்திரப்படுத்தியிருந்தால் இரண்டையும் ஒரே தட்டில், ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் வைத்துப் பார்க்கலாம். எண் இரண்டு படிக்கு மேல் ஏறியிருந்தால் அது ஊசலாட்டம் இல்லை. அன்றே மருந்தை மாற்றுவது பற்றி மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்ல வேண்டும், அச்சிட்ட அறிக்கை போய்ச் சேரும்வரை காத்திருக்கக் கூடாது.